தட்டில் வைத்த ஐந்து தாள்கள்

மதிப்புக்கும் அன்புக்கும் உரிய மாப்பிள்ளைக்கு, மெத்தைக் கடையிலிருந்து மாமா எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தையும் கடையும் நலம். மூவரில் அத்தை மட்டும் கொஞ்சம் கூடுதல் நலம், காரணம் கீழே வரும். அங்கே நீங்களும் என் மகளும் பேத்தியும், இன்னும் வந்து சேராத சின்னதும் சுகமாக இருக்க வேண்டும் என்பதே எங்கள் நினைப்பு.

நல விசாரிப்பை இத்தோடு நிறுத்திக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன். மூன்று விஷயம். ஒன்று, இனிமேல் எனக்கு இங்கிலீஷ் பாடம் அனுப்ப வேண்டாம். இரண்டு, நல்ல இங்கிலீஷில் ஒரு வாபஸ் கடிதம் எழுதி அனுப்ப வேண்டும். இதற்கு முன்னால் என் கடை முத்திரையோடு வந்த எதையும் யாரும் நம்ப வேண்டாம் என்று அதில் மரியாதையாகச் சொல்ல வேண்டும். மூன்றாவது உங்களுக்குப் பிடிக்காது, மகளுக்கு அதைவிடப் பிடிக்காது. பிரசவத்துக்கு உங்கள் அத்தை மட்டும்தான் வருவாள். நான் வருவதற்கில்லை. கடையைப் பூட்டிவிட்டு இரண்டு மாதம் கடல் தாண்டிப் போய் உட்காருவது நடக்கிற காரியம் இல்லை. இதைப் போனில் சொல்லலாம்தான். ஆனால் போனை எடுப்பது மகள். அவளிடம் இதைச் சொல்ல எனக்கு வாய் வராது, அதனால் கை எழுதுகிறது.

இதெல்லாம் கோபத்தில் எழுதுவது என்று நினைக்க வேண்டாம். கோபப்படத் தெம்பில்லை. பத்து நாளாக நான் பட்ட பாட்டுக்கு நீங்கள்தான் மூல காரணம் என்றாலும் உங்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை, மாப்பிள்ளை மேல் வருத்தப்பட்டு மாமனார் எங்கே போவது.

தெருவில் எனக்கு என்ன பெயர் என்று உங்களுக்குத் தெரியும். உங்கள் கல்யாணத்தின்போதே யாரோ காதில் போட்டிருப்பார்கள். பார்க்கலாம் முதலாளி. மெத்தை பத்து வருஷம் தாங்குமா என்று கேட்டால் பார்க்கலாம். நாளைக்கே வீட்டில் கொண்டுவந்து போடுவீர்களா, பார்க்கலாம். முப்பத்தொரு வருஷமாக இந்த ஒரே வார்த்தையில் கடை நடத்தியிருக்கிறேன். தலையில் பஞ்சு மூட்டை சுமந்து வந்தவன் நான். ஒரு உத்தரவாதச் சீட்டுகூட எவருக்கும் எழுதிக் கொடுத்ததில்லை. எழுதிக் கொடுக்காததால்தான் சொன்னதற்கு மேலேயே செய்ய முடிந்தது, அதுவும் உண்மை. வீட்டிலும் அதே வார்த்தைதான். முதல் பிரசவத்துக்கு மகள் கூப்பிட்டபோதும் பார்க்கலாம் என்றேன். பேத்தியைப் பார்த்தபோது அவளுக்கு இரண்டு வயது, என்னைக் கண்டு அழுதாள்.

இங்கிலீஷ் ஆசை எனக்கு வியாபாரத்துக்காக வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை போனில் பேத்தி இங்கிலீஷில்தான் பொரிந்து தள்ளுகிறாள். எனக்குத் தெரிந்தது யெஸ் யெஸ், வெரி குட். ஒரு ஞாயிறு அவள் ஏதோ கேட்க, நான் வழக்கம்போல யெஸ் யெஸ் வெரி குட் என்றேன். பிறகு மகள் போனை வாங்கி, "அப்பா, உங்களுக்கு என் மேல கோபமா தாத்தான்னு கேட்டா. நீங்க என்ன சொன்னீங்கன்னு தெரியுமா?" என்றாள். அன்று மாலை முழுக்கக் கடையில் ஒரு மெத்தையும் என் கண்ணுக்கு நேராகத் தெரியவில்லை. அதன் பிறகுதான் உங்களிடம் வெட்கத்தை விட்டுக் கேட்டேன். நீங்களும் அங்கே வேலைக்காக வந்து இறங்குகிற வயது வந்த ஆட்களுக்கு மாலைப் பள்ளியில் சொல்லித் தருகிற பாடத்தை எனக்கு வாரம் ஒன்றாக அனுப்பினீர்கள். உங்கள் குரல் இன்னும் காதில் இருக்கிறது. "மாமா, இந்த வாரம் ஒரே ஒரு அமைப்புதான். இது நடந்தா அதைச் செய்வேன். முன்னாடி இஃப், பின்னாடி வில். மழை பெய்தா குடை எடுப்பேன்னு புஸ்தகத்து வாக்கியம் எழுதாதீங்க, அது ஒட்டாது. உங்களுக்குத் தெரிஞ்ச ஆளுக்கு, நீங்க நிஜமாச் சொல்லக்கூடியதை எழுதுங்க. ஒரு தாளுக்கு ஒரு ஆள், மேல அவங்க பேரு." இப்படித்தானே சொன்னீர்கள்? மறுக்க முடியாது.

ஒரு வியாழக்கிழமை மதியம், ஆள் நடமாட்டம் இல்லாத நேரம், ஐந்து தாள் எடுத்து ஐந்து பேருக்கு எழுதினேன். எவரும் வந்து கேட்கப் போவதில்லை என்ற தைரியம் இருந்ததால் கை தாராளமாக ஓடியது. வில் வில் என்று வாரி வழங்கினேன். முடித்து, படித்துப் பார்த்து, எனக்கே என்னைப் பிடித்துப்போன சமயத்தில் புதுசாகக் கல்யாணமான ஒரு ஜோடி மெத்தை பார்க்க வந்தது. கையில் இருந்த தாள்களைப் பக்கத்தில் இருந்த கம்பித் தட்டில் வைத்துவிட்டு எழுந்து போனேன். அந்த ஜோடி எல்லா மெத்தையிலும் உட்கார்ந்து பார்த்துவிட்டு, வீட்டில் கேட்டுவிட்டு வருகிறோம் என்று போய்விட்டது. நானும் தாள்களை மறந்துவிட்டேன்.

அந்தக் கம்பித் தட்டைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். அதில் விழுந்தது அன்றைக்கே கடையை விட்டு வெளியே போக வேண்டும் என்பது நானே போட்ட சட்டம். பதினாலு வருஷத்துக்கு முன்னால், டைப்பிஸ்ட் அம்மா வேலைக்குச் சேர்ந்த புதுசில், ஒரு கடிதத்தைப் படித்துவிட்டு "இதுக்கு என்ன அர்த்தம் சார்?" என்று கேட்க எனக்காகக் காத்திருந்தார். நான் வந்து பார்ப்பதற்குள் தபால் போய்விட்டது, ஒரு ஓட்டலுக்கு அனுப்ப வேண்டிய எழுபது மெத்தை ஆர்டரும் அதோடு போய்விட்டது. அன்று நான் போட்ட சத்தத்தில் அவர் அழுதார். தட்டில் இருப்பதற்கு அர்த்தம் பார்க்காதே, அடி, முத்திரை குத்து, அனுப்பு என்று சொல்லிவிட்டேன். என் கையெழுத்துக்கும் ஒரு ரப்பர் ஸ்டாம்ப் செய்து கொடுத்தேன். ஆக, ஐந்து தாளும் கடையின் பெயர் அச்சடித்த காகிதத்தில் அழகாக டைப் ஆகி, கையெழுத்து முத்திரையோடு, ஐந்து விலாசத்துக்கும் அன்று மாலைத் தபாலில் போய்விட்டன. நான் விட்ட ஒரு எழுத்துப் பிழையைத் திருத்தியும் அனுப்பியிருக்கிறார்.

விஷயம் வெடித்த பிறகு கேட்டேன், "என்னம்மா இப்படிப் பண்ணிட்டீங்க, படிச்சாத் தெரியாதா?"

"படிக்கத் தெரியும் சார். அர்த்தம் பாக்கத்தான் கூடாதுன்னு சொல்லியிருக்கீங்க."

"பொண்டாட்டிக்குக் கடை காகிதத்துல எவனாவது லெட்டர் போடுவானா?"

"நல்ல பழக்கம்னு நெனச்சேன் சார். எங்க வீட்லயும் சொல்லிக் காட்டினேன்."



முதலில் வந்தது நர்சிங் மாணவிகள் விடுதியின் வார்டன் அம்மாவிடமிருந்து போன். எட்டு வருஷத்துக்கு முன்னால் அங்கே நூற்றிருபது மெத்தை போட்டது நான்தான். அவருக்கு நான் எழுதியிருந்த வாக்கியம்: உங்கள் பிள்ளைகளுக்குத் தூக்கம் வராவிட்டால் நான் மெத்தையை மாற்றித் தருவேன். "உங்க லெட்டர் கெடச்சுதுங்க. மனசுக்குச் சந்தோஷமா இருந்துச்சு. பதினெட்டுப் பிள்ளைகளுக்குத் தூக்கம் வரலையாம், பேர் எழுதி வச்சிருக்கேன். எப்ப வர்றீங்க?" என்றார். என் வாய் தன்பாட்டுக்குப் "பார்க்க" என்று ஆரம்பித்தது. "பாக்கத்தான் கூப்பிடறேன், வாங்க" என்று போனை வைத்துவிட்டார்.

போனேன். பதினெட்டு பேருக்கும் பத்து நாளில் பரீட்சை. எலும்பு எத்தனை, நரம்பு எத்தனை என்று விடிய விடியப் படிக்கிற பிள்ளைக்கு எந்த மெத்தையில் தூக்கம் வரும்? இதை நான் எடுத்துச் சொன்னேன். வார்டன் அம்மா கேட்கிற ரகம் இல்லை. "செருப்பைக் கழட்டிட்டு ஒவ்வொண்ணா படுத்துப் பாத்துச் சொல்லுங்க. லெட்டர் குடுத்தவர் நீங்க" என்றார். சரி என்று முதல் மெத்தையில் படுத்தேன், குறையில்லை. இரண்டாவதில் நடுவில் ஒரு குழி. மூன்றாவதில் தலை வைத்தது ஞாபகம் இருக்கிறது. கண் திறந்தபோது முக்கால் மணி நேரம் போயிருந்தது, எவரோ போர்வை போர்த்தியிருந்தார்கள், பதினெட்டு பிள்ளைகளும் சுற்றி நிற்க, ஒரு பெண் என் மணிக்கட்டைப் பிடித்து நாடி எண்ணிக்கொண்டிருந்தது. பரீட்சைக்குப் பழகுகிறதாம். வார்டன் அம்மா, "மெத்தை மேல குறையில்லைன்னு நீங்களே காட்டிட்டீங்க. நீங்க ஒழுங்காத் தூங்கி எத்தனை நாளாச்சு?" என்றார். குழி விழுந்த இரண்டை மட்டும் மாற்றிக் கொடுத்துவிட்டு வந்தேன், அது நியாயம். மெத்தை விற்கிறவன் பட்டப்பகலில் மாணவிகள் விடுதியில் தூங்கிய கதை எனக்கு முன்னால் தெருவுக்கு வந்திருந்தது.

அன்று வீட்டுக்குப் போனால் உங்கள் அத்தை கூடத்து நாற்காலியில் காலை நீட்டிப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தாள். சமையலறையில் ஒரு சத்தமும் இல்லை. "சாப்பாடு ஆச்சா?" என்றேன். "எனக்கு அலுப்பா இருக்குங்க" என்று ஒரு கவரை நீட்டினாள். நீ அலுத்திருந்தால் நான் சமைப்பேன். நான் எழுதியதுதான். "பாடத்துக்கு எழுதினது" என்றேன். "கையெழுத்து இருக்கு, கடை சீல் இருக்கு" என்றாள். உருளைக்கிழங்கை நறுக்கி வதக்கினேன், ஒரு பக்கம் கரி, மறுபக்கம் பச்சை. முழுவதையும் சாப்பிட்டுவிட்டு, "நல்லாத்தான் இருக்கு, நாளைக்கு உப்பு மட்டும் போடுங்க" என்றாள். மாப்பிள்ளை, நாளைக்கு என்றாள். அதிலிருந்து இன்றோடு எட்டு நாள், தினமும் அலுப்பு. கல்யாணமாகி முப்பத்துமூன்று வருஷத்தில் இவளுக்கு அலுப்பே வந்ததில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வந்ததாம், சொல்லவில்லையாம். கடிதத்தைச் சமையலறைச் சுவரில் ஒட்டியிருக்கிறாள், நான் வெங்காயம் நறுக்கும்போது நேராகக் கண்ணில் படுகிற மாதிரி.

மூன்றாவது தாள் எங்கள் தையல்காரருக்கு. மெத்தை உறை தைப்பவர், எட்டரைக்கு வர வேண்டியவர் ஒன்பதரைக்கு வருவார். நீ நேரத்துக்கு வராவிட்டால் நானே மெஷினில் உட்காருவேன் என்று ஒரு மிரட்டலாக எழுதியிருந்தேன். மறுவாரம் பதினொன்றரைக்கு வந்தார். "ஏன்யா, மணி என்ன?" என்றால், "நீங்க உக்காருவேன்னு எழுதியிருந்தீங்களே முதலாளி, அந்தத் தைரியத்துல பல் டாக்டரைப் பாத்துட்டு வந்தேன், ரெண்டு வருஷமா தள்ளிப்போட்டது" என்கிறார். அதற்குள் நான் உட்கார்ந்தும் ஆயிற்று. கடை ஆரம்பித்த நாளில் நானேதான் தைத்தேன், கை மறக்காது என்று நினைத்தேன். கை மறக்கவில்லை, கண் மறந்துவிட்டது. என் சட்டைக் கையின் ஓரத்தையும் உறையோடு சேர்த்து நாலு விரல் நீளம் தைத்துவிட்டு, எழுந்திருக்க முடியாமல், வாங்க வந்த ஆளிடம் உட்கார்ந்தபடியே வியாபாரம் பேசினேன். அந்தத் தையலைப் பிரித்துவிட்டது தையல்காரர்தான், பாதி முகம் மரத்துப் போய் ஒரு பக்கமாகச் சிரித்துக்கொண்டே.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. நாலாவது தாள்தான் தொண்டையில் நிற்கிறது. எதிர்க்கடைக்காரரை உங்களுக்குத் தெரியும், அவரும் மெத்தைதான் விற்கிறார். நானும் அவரும் ஒரே மாதத்தில் கடை திறந்தோம். இருபத்தாறு வருஷமாகப் பேச்சில்லை, அவர் கட்டிய வெயில் மறைப்பு அந்தப் பக்கம் நடக்கிறவர்களுக்கு என் பெயர்ப் பலகையை மறைத்ததில் வந்தது. பாடத்துக்கு நாலாவது ஆள் தேவைப்பட்டது, நிமிர்ந்து பார்த்தேன், நேர் எதிரே அவர் உட்கார்ந்திருந்தார். நான் ஊருக்குப் போனால் நீங்கள் என் கடையைப் பார்த்துக்கொள்வீர்கள் என்று எழுதிவிட்டு நானே சிரித்துக்கொண்டேன். நீங்கள் நிஜமாகச் சொல்லக்கூடியதை எழுதச் சொன்னீர்கள், இது ஒன்றில்தான் நான் ஏமாற்றினேன்.

போன செவ்வாய்க்கிழமை காலை அவர் ரோட்டைத் தாண்டி வந்தார். அந்த அகலத்தைத் தாண்ட அவருக்கு இருபத்தாறு வருஷம் ஆகியிருக்கிறது. டைப்பிஸ்ட் அம்மா மெஷினை நிறுத்திவிட்டார், தையல்காரரும் நிறுத்திவிட்டார். சட்டைப்பையிலிருந்து கடிதத்தை எடுத்து மேஜையில் வைத்து நீவிவிட்டார்.

"ரெண்டு தடவை படிச்சேண்ணே. எப்ப கெளம்பறீங்க?"

"அது வந்து... உங்களுக்கு எதுக்குச் சிரமம்?"

"என்ன சிரமம். உங்க கடையத்தான் முப்பத்தொரு வருஷமா உக்காந்து பாத்துக்கிட்டு இருக்கேனே. எந்த மெத்தை எந்த மூலையில இருக்குன்னு உங்களைவிட எனக்கு நல்லாத் தெரியும்."

அவரே தொடர்ந்தார். "போன வருஷம் நான் ஆஸ்பத்திரில கெடந்தப்ப, என் கடை பூட்டியிருக்குன்னு நின்ன ஆளை நீங்க உள்ள கூப்பிடலையாமே. பத்து நாள்ல வந்துருவாரு, பொறுத்து வாங்கிக்கன்னு சொல்லி அனுப்பினீங்களாம். அந்தாளு வந்து சொன்னான்."

உங்களிடம் மறைப்பதற்கென்ன, மாப்பிள்ளை. அவர் ஆஸ்பத்திரியில் இருந்தபோது அவர் வாசலில் நின்ற இரண்டு பேரை நான் கூப்பிடத்தான் செய்தேன். அவர்கள் வரவில்லை. மூன்றாவது ஆளிடம்தான் அப்படிச் சொன்னேன், அதுவும் அலுத்துப்போய். ஆனால் அந்த நேரத்தில் இதை எப்படித் திருத்துவது? அவர் இன்னொரு தாளை எடுத்து வைத்தார். எவரிடமோ கேட்டு, அதே இஃப், அதே வில் போட்டு, அவர் கையாலேயே இங்கிலீஷில் எழுதியிருந்தார். நீங்கள் போனால் நான் ஒன்பது மணிக்குத் திறப்பேன். எனக்கு எழுத்தில் வந்த முதல் பதில் கடிதம் அது. நான் என்ன சொல்லியிருப்பேன் என்று உங்களுக்கே தெரியும்.

"பார்க்கலாம்" என்றேன்.

அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். தன் தாளை மேஜையிலேயே விட்டுவிட்டு, என் கடிதத்தை மட்டும் முன்பிருந்த மடிப்பிலேயே மடித்துப் பையில் போட்டுக்கொண்டு, "சரிண்ணே" என்று ரோட்டைத் தாண்டிப் போய்விட்டார். டைப்பிஸ்ட் அம்மா என்னைப் பார்க்காமல் டைப் அடித்தார். அன்று அதற்கு முன்னும் பின்னும் தட்டில் ஒன்றுமே இல்லை, என்ன அடித்தார் என்று தெரியாது.

இப்போது ஐந்தாவது தாள். அது என் பேத்திக்கு. நீ கூப்பிட்டால் நான் வருவேன் என்று எழுதினேன். எழுதும்போது அவள் என்னைக் கண்டு அழுத முகம்தான் நினைவில் இருந்தது, அதனால் எழுத்து கொஞ்சம் கோணலாகப் போனது, டைப்பில் அது தெரியாது. அது சாதாரணத் தபாலில் கடல் தாண்டி வந்துகொண்டிருக்கிறது. இந்தக் கடிதத்தை நான் கூரியரில் அனுப்புவதால் இது முந்திக்கொள்ளும். ஆகவே என் கடை பெயர் போட்ட கவர் வந்தால் குழந்தை கண்ணில் படாமல் வாங்கிக் கிழித்துவிட வேண்டும். விடுதிக்கு இரண்டு மெத்தை மாற்றிக் கொடுக்கலாம், உருளைக்கிழங்கு வதக்கலாம், சட்டையைப் பிரித்துப் போடலாம். ஆறு வயதுப் பிள்ளை கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்தால் அதற்கு நான் எங்கிருந்து என்ன செய்வது? என்னால் வர முடியாது. மூட்டையிலிருந்து ஆரம்பித்த கடையை எவரை நம்பி விடுவது? பாஸ்போர்ட்டும் மற்ற தாள்களும் உங்கள் அத்தை போன மாதமே இரண்டு பேருக்கும் எடுத்து வைத்துவிட்டாள். என்னுடையது பீரோவில் இருக்கட்டும், கெட்டுப்போகாது.

ஆக, பாடத்தை நிறுத்தவும். வாபஸ் கடிதத்தை அனுப்பவும். மகளுக்குப் பக்குவமாக எடுத்துச் சொல்லவும். அவள் நல்லபடியாகப் பெற்றுப் பிழைக்க வேண்டும், பிள்ளைகள் பல்லாண்டு இருக்க வேண்டும், நீங்கள் பெரிய உத்தியோகத்துக்குப் போய் இந்த மாதிரிப் பாடம் நடத்தும் வேலையிலிருந்து விடுபட வேண்டும் என்று வாழ்த்தி,

உங்கள் மாமா.

பின்குறிப்பு: மேலே உள்ளது சனிக்கிழமை எழுதியது. முடிப்பதற்குள் கூரியர்காரர் வந்து போய்விட்டார். இன்று திங்கள். நேற்று போன் வந்தது உங்களுக்குத் தெரியும், பேசியது என்ன என்று நீங்கள் பக்கத்து அறையிலிருந்து கேட்டீர்களோ இல்லையோ, சொல்லிவிடுகிறேன். சாதாரணத் தபால் முந்திக்கொண்டுவிட்டது. குழந்தை என் கடிதத்தை எழுத்துக் கூட்டி முழுக்கப் படித்தாள், அவ்வளவும் எனக்குப் புரிந்தது. படித்துவிட்டு, "தாத்தா, ஐ ஆம் காலிங் யூ" என்றாள். என் வாய் வழக்கப்படி ஆரம்பித்தது. ஆனால் பார்க்கலாம் என்பதை இங்கிலீஷில் எப்படிச் சொல்வது என்று நீங்கள் சொல்லித் தரவே இல்லை. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். ஐ வில் கம் என்று சொல்லிவிட்டேன். கூடவே, அவள் கேட்காமலே, நோ ஆங்ரி என்றும் சொன்னேன், அது சரியா தப்பா என்று திருத்த வேண்டாம். வாபஸ் கடிதம் வேண்டாம், பாடம் தொடர்ந்து வரட்டும். காலையில் நானே ரோட்டைத் தாண்டிப் போய்ச் சாவியைக் கொடுத்துவிட்டு, அந்த இரண்டு பேரைக் கூப்பிட்டதையும் சொல்லிவிட்டேன். தெரியும் என்றார், அவர்களும் வந்து சொன்னார்களாம். இருபத்தொன்றாம் தேதி இரண்டு பேரும் வந்து இறங்குகிறோம். படுக்க ஒன்றும் வாங்கி வைக்காதீர்கள், அந்த ஊர் மெத்தையை நான் நம்ப மாட்டேன், சுருட்டிக் கொண்டுவருகிறேன். எதிர்க்கடைக்காரர் ஒன்பது மணிக்குத் திறப்பதாக எழுத்தில் கொடுத்திருக்கிறார். நான் எட்டரைக்கே திறப்பவன். பார்க்கலாம்.